பதிலாள் ஏறிய மலை

நான் வாழ்க்கையில் பார்த்த பெரிய மலை கதிரேசன் மலைதான். அதை மலை என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். மூச்சு வாங்குவதற்கு முன்னால் உச்சி வந்துவிடும். ஆனாலும் நாலா பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையாகக் கிடக்கிற கரிசல் காட்டில் தலையைத் தூக்கி நிற்பது அது ஒன்றுதான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. எங்களுக்கு அதுவே இமயம்.

இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அதை இமயமாக மாற்றியவன் நான். தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் ஆர்ட்டிஸ்ட்டாக இருந்தேன். தீப்பெட்டி லேபிள் வரைவதுதான் பிழைப்பு. பிரஸ்ஸும் தீப்பெட்டி ஆபீஸும் ஒரே முதலாளிக்கு. அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நம்ம சரக்கு இப்பம் வடக்க போவுது. அங்க உள்ளவனுக்குக் கிளியும் ரோசாப்பூவும் போட்டா எடுபடாது. பனிமலை ஒண்ணு போடு. மேல ஒரு ஆளு கொடியோட நிக்கட்டும்" என்றார்.

பனிமலைக்கு நான் எங்கே போக? கதிரேசன் மலையை வரைந்தேன். உச்சியில் இருந்த கோயிலை எடுத்துவிட்டேன், முருகன் மன்னிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சரிவைக் கொஞ்சம் கூர்மையாக்கினேன். பனிக்கு எங்கள் தொழிலில் தனி மை கிடையாது. அந்த இடத்தில் ஒன்றும் அச்சடிக்காமல் காகிதத்தை வெள்ளையாக விட்டுவிட்டால் அதுதான் பனி. மைச்செலவு மிச்சம் என்று முதலாளிக்கு மகா சந்தோஷம். கொடியோடு நின்ற ஆளுக்கு அவருடைய மீசையையே வைத்தேன். சம்பளம் வாங்குகிற இடத்தில் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மலை மார்க் தீப்பெட்டி ஓடிற்று. வருஷக்கணக்காக ஓடிற்று. நானும் அதை மறந்துபோனேன். இரண்டாயிரம் பிறந்து ஊரில் மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், அந்தத் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் பிரஸ்ஸுக்குள் வந்தாள்.

பேன்ட், கண்ணாடி, தோளில் பை, வாய் ஓயாத கேள்வி. ஊர் அவளை டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டது. பெற்றவர்கள் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது பம்பாய், படித்தது ஓவியமும் டிசைனும் என்று எத்தனை முறை அவள் சொன்னாலும், "சரிங்க டீச்சர்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் அவளும் விட்டுவிட்டாள்.

"சார், இந்த மலை நீங்க போட்டதா?"

ஆமாம் என்றேன். இமயமலை அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் அதை வாங்கினாளாம். பெட்டியின் மேல் இருக்கிற மலையையும் எதிரே இருக்கிற மலையையும் மாறி மாறிப் பார்த்தாளாம்.

"அந்த மலைல இப்ப இவ்வளவு பனி இல்ல சார். உங்க லேபிள்லதான் ஜாஸ்தி இருக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்படுகிற சமாச்சாரம் இல்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று. பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, பனி வருஷா வருஷம் குறைகிறது என்றாள். சூட்டைப் பற்றிக் கோவில்பட்டிக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை, சித்திரையில் எங்கள் ரோட்டில் செருப்பு தாரோடு போய்விடும். ஆனால் பனிக்கும் அதே வியாதி என்பது எனக்குப் புதிது.

அடுத்த கேள்விதான் விவகாரம். "மேல நிக்கிறாரே, இவரோட சாமானை எல்லாம் தூக்கிட்டு வந்தது யாரு? அவங்க எங்க?"

"லேபிள் சின்னதும்மா. ரெண்டு பேருக்கு இடம் காணாது" என்றேன்.

நான் வேடிக்கைக்குச் சொன்னேன். அவள் அதை வேதவாக்கு மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு விளக்கினாள். அந்தப் பெரிய மலைகளில் ஏறிப் பேர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காசுள்ளவர்கள், வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குக் கூடாரம், சோறு, மூச்சு விடக் காற்று எல்லாவற்றையும் முதுகில் கட்டிச் சுமந்து முன்னால் போய்ப் பாதை போட்டுக் கொடுப்பது உள்ளூர்க்காரர்கள். ஏறினவன் பேர் ஏட்டில் இருக்கும், சுமந்தவன் பேர் அவன் வீட்டுக்குத்தான் தெரியும்.

"காத்தையுமா சுமப்பாக?" என்று கேட்டேன். தண்ணீரைச் சுமப்பது எங்களுக்குக் கைவந்த கலை. காற்றைச் சுமப்பது கேள்விப்படாத கூத்து.

அவள் வந்த காரியம் இதுதான்: வருங்காலத்துத் தீப்பெட்டிகள். இன்னும் ஐம்பது வருஷம், நூறு வருஷம் கழித்து அந்த மலை எப்படி இருக்கும் என்று வரிசையாக லேபிள் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிருந்து மேலே ஏறி மறைய வேண்டும். வரிசை முடியும் இடத்தில் வெறும் பாறை. ஏறுகிறவர்களுக்குக் காலில் மிதிக்கப் பனி வேண்டுமே என்று, உள்ளூர்க்காரர்கள் ஐஸை மூட்டை கட்டிச் சுமந்து உச்சியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கடைசி லேபிள் மட்டும் சுமக்கிறவருக்கு. அது எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை, நீங்கள் யோசியுங்கள் சார் என்றாள்.

அந்தக் கடைசி ஒன்றைத் தவிர மற்றதை வரைந்து கொடுத்தேன். முதலாளி புரூப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, போகப் போகக் கலர் சாஸ்தியாகுதே?" என்றார். பனி உருகினால் பாறை தெரியும், பாறைக்கு மை வேண்டும் அண்ணாச்சி என்றேன். உலகம் சூடாவதால் நஷ்டம் வரும் என்பதை எங்கள் ஊரில் முதன்முதலில் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டவர் அவர்தான்.

இதோடு நின்றிருந்தால் நல்லது. டீச்சர், லேபிளில் உள்ளதை ஒருநாள் நிஜமாகவே நடத்திக் காட்ட வேண்டும் என்றாள். ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் வாங்கிக் கதிரேசன் மலை உச்சிக்குச் சுமந்துபோக வேண்டும், அங்கே லேபிள்களைப் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆனால் ஒரு திருப்பம். பெரிய மலையில் நடப்பதைத் தலைகீழாக்க வேண்டும். அன்றாடம் சுமக்கிறவர்கள் கையை வீசிக்கொண்டு கொடியோடு முன்னால் போவார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஐஸைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வருவார்கள். சுமை என்றால் என்னவென்று ஒருநாளாவது அவர்களுக்குத் தெரியட்டும்.

முதலாளி சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். பேப்பரில் போட்டோ வரும் என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஐஸ் என்ன, அடுப்பையே சுமப்பார்கள். காலண்டரைப் பார்த்து, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் தள்ளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்தும் கொடுத்தார்.

காலண்டரில் போடாத ஒன்று எங்கள் ஊரில் உண்டு, தண்ணீர் நாள். அந்த வருஷம் தெருவுக்குத் தண்ணீர் வருவது ஏறக்குறையப் பத்து நாளைக்கு ஒருதடவை. எந்நேரம் திறப்பார்கள் என்பது திறக்கிறவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை வரைக்கும் அண்டா, குடம் எல்லாம் கவிழ்ந்துதான் கிடக்க வேண்டும். குழாயில் வேகம் இருக்காது, அதனால் குழாயைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, குழாயை வெட்டித் தாழ்த்தி வைத்திருந்தோம். குழிக்குள் இறங்கிக் குடத்தை நிறைத்து, இடுப்பில் வைத்து, படி மாதிரி வெட்டிய கரிசல் மண்ணில் கால் வைத்து மேலே ஏறி வர வேண்டும். மண் நனைந்தால் வழுக்கும்.

எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. வராத தண்ணீர் மறுநாள் வரும்.

என் வீட்டு நிலவரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். என் மனைவி பசுவந்தனைப் பக்கம். தாயில்லாப் பெண், அதனால் பேறுகாலம் எங்கள் வீட்டிலேயே. தலைப்பிள்ளை, ஆபரேஷன் செய்து எடுத்தது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. குடம் கிடம் தூக்கினால் தையல் விட்டுவிடும் என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் விரலை ஆட்டிச் சொன்னார். எனக்கும் பெரியவர்கள் என்று யாருமில்லை. பிள்ளைத் துணி அலசத் தண்ணீர் வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வேண்டும். அண்டாவில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் குழிக்குள் நிற்க வேண்டிய ஆள். மலைக்கு என்னை யாரும் சுமக்கக் கூப்பிடவும் இல்லை. லேபிளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மலையடிவாரத்தில் பெரியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சும்மாடு சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றிய ஐஸை ஏற்றி, வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் கேமராவை இறக்கியதும் ஒரு அதிசயம் நடந்தது. வக்கீல் கையைத் தட்டினார், குமாஸ்தா ஓடிவந்து ஐஸை வாங்கிக்கொண்டார். டாக்டருக்குக் கம்பவுண்டர். மில்காரருக்கு அவருடைய டிரைவர். யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் மொய்க்கவரோடு ஆள் அனுப்புகிறோமே, அந்த மரியாதையோடுதான் செய்தார்கள். எங்கள் ஊரில் ஆள் அனுப்பினால் தானே போனதற்குச் சமானம்.

எங்கள் முதலாளி என்னைத் தேடினார்.

"தம்பி, நமக்குச் சுகர் இருக்கு. முட்டு வேற வலிக்கி. நீ நமக்குப் பதிலாத் தூக்கிட்டுப் போயிரு. நீ ஏறுனா நான் ஏறுன மாதிரிதான்."

"அண்ணாச்சி, இன்னைக்கு எங்க தெருவுல தண்ணி வாற நாளு. வீட்டுல பிள்ளை பெத்தவ ஒத்தையில கெடக்கா. நான் போகணும்."

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்குதே? உனக்குப் பதிலாக் குழாயடியில ஒரு ஆளு நிக்கும். உங்க தெருவுல தண்ணி எடுத்துக் குடுக்குமே ஒரு அக்கா, அதுட்டச் சொல்லி விட்டுருதேன். போதுமா?"

போதாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சும்மாடு என் தலைக்கு வந்துவிட்டது. அதன்மேல் ஐஸும் வந்துவிட்டது. பத்து வருஷமாக அவர் மீசையை மலை உச்சியில் வைத்துக் காப்பாற்றியவனுக்கு இது வேண்டியதுதான்.

ஏறத் தொடங்கினோம். முன்னால் போன சுமக்கிறவர்கள் பாடுதான் பரிதாபம். மூட்டை தூக்கும் ஆட்கள், தண்ணீர் எடுக்கும் பெண்கள் எல்லோரையும் கூலி பேசித்தான் டீச்சர் வெறுங்கையோடு நடக்க அழைத்திருந்தாள். அவர்களுக்கோ கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பத்துப் படிகூட ஏறியிருக்க மாட்டோம், ஒருவர் திரும்பி வந்து கம்பவுண்டர் தலையிலிருந்த சாக்கைப் பிடுங்கினார். "கொண்டாரும் வே. வெறுங்கையோட நடந்தா சீக்குக்காரன் மாதிரி இருக்கு." மற்றவர்களும் அதேபோல வந்து பிடுங்கிக்கொண்டார்கள். டீச்சர் கத்தினாள், கெஞ்சினாள், "ப்ளீஸ், நீங்க தூக்கக் கூடாது!" என்று குறுக்கே நின்றாள். "இருக்கட்டும் டீச்சர், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உலகம் பூராவும் நடக்கிற அநியாயத்தைத் தலைகீழாக்கி, அது மறுபடி தலைகீழாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

என் ஐஸை மட்டும் யாரும் வாங்கவில்லை. நான் பிரஸ்காரன், சுமக்கிற ஜாதிதான் என்று நினைத்துவிட்டார்கள் போல.

பாதி மலையில், கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஜம்மென்று போகிற ஆளைப் பார்த்தேன். எங்கள் தெருவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் அதே அக்கா.

"ஏக்கா! நீ இங்கன நிக்கே, என் வீட்டுக்கு யாரு தண்ணி பிடிக்கா?"

"பதறாதே தம்பி. மொதலாளி சொல்லிவிட்டாக. டீச்சர் அதுக்கு முந்தியே சொல்லிட்டா. ரெண்டு பேரு சொல்லையும் எப்படித் தட்ட? எனக்குப் பதிலா உன் பக்கத்து வீட்டுக்காரிட்ட ஆள் விட்டுச் சொல்லிட்டேன். அவ பாத்துக்கிடுவா."

பக்கத்து வீட்டுக்காரி வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவள். அவளுக்கும் பிள்ளை குட்டி உண்டு. அவள் யாரிடம் சொன்னாளோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே தெருக்களில் கலர் கலராகக் குடங்கள் ஓடத் தொடங்கின. மலையில் நின்று பார்த்தால் அது அழகான காட்சிதான், நம் வீட்டுக் குடமும் அதில் இருக்கிறது என்று தெரிந்தால்.

"ஏட்டி! தண்ணி வந்துட்டு!" என்று அக்கா ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், உச்சியிலிருந்த குரங்குகளும் திரும்பிப் பார்த்தன. அவ்வளவுதான். தலையிலிருந்த ஐஸை எல்லாம் படியிலேயே போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் கீழ்நோக்கி ஓடிற்று. குமாஸ்தா ஓடினார், கம்பவுண்டர் ஓடினார். அக்கா கொடியோடு ஓடினாள்.

டீச்சர் மட்டும் ஓடவில்லை. வீடியோ கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "ஐயோ, இதுதான்! நிறுத்தாதீங்க, இதேதான்!" என்று குதித்தாள். சுமக்கிறவர்கள் தாங்களாகவே சுமையை எறிந்துவிட்டு உச்சியை மறுத்துத் திரும்பிய தருணம் என்று பிற்பாடு வெளிநாட்டில் அதைப் போட்டுக்காட்டினாளாம், ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். உச்சியை யார் மறுத்தது தாயே, குழாய் திறந்துவிட்டது.

நானும் ஓடினேன். சந்துக்குள் திரும்பும்போதுதான் ஐஸ் இன்னும் என் தலையிலேயே இருப்பது தெரிந்தது. எல்லோரும் போட்டுவிட்டு ஓடியபோது நான் மட்டும் போடவில்லை. முதலாளி சுமையாச்சே, கை விடவில்லை போலிருக்கிறது. சாக்கிலிருந்து தண்ணீர் முகத்தில் வழிய, மரத்தூள் மீசையில் ஒட்ட, "கோட்டி பிடிச்சிட்டா வே?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டதைக் காதில் வாங்காமல் வீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

குழாயடியில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தண்ணீர் நின்றுவிட்டது. குழிக்குள் யாரோ ஒருத்தி குனிந்து, குழாயின் கடைசிச் சொட்டுகளைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள், பிள்ளை பெற்றவர்கள் காதில் காற்று ஏறாமல் கட்டுகிற கட்டு. ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குடத்தை இடுப்பில் அணைத்து, வழுக்குகிற கரிசலில் ஒவ்வொரு காலாக ஊன்றி மேலே ஏறி வந்தாள். என் மனைவி.

பக்கத்து வீட்டுக்காரி வந்து குடத்தை வரிசையில் போட்டுக் கொடுத்தாளாம். அதற்குள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் அம்மா வீட்டுத் தெருவிலும் தண்ணீர் வந்துவிட்டதாம். "இந்தா வந்துருதேன், நீ குடத்தை மட்டும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவள் வரவில்லை. அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? முதலாளிக்கு நான், எனக்கு அக்கா, அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்கு என் மனைவி. பிள்ளையைத் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் எல்லாக் குடமும் நிறைந்திருந்தது. அண்டாவும் நிறைந்திருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். என் தலையில் இருப்பதைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது, உதட்டில் ரத்தமே இல்லை.

"என்ன அத்தான், மலை ஏறியாச்சா?"

நான் அழுதேன். ஐஸ் தண்ணீர் ஏற்கெனவே வழிந்துகொண்டிருந்ததால் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. குடத்தை வாங்கப் போனேன், என்னால் முடியவில்லை. இரண்டு கையும் ஐஸைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அத முதல்ல கொண்டுபோய் அந்த இரும்பு வாளியில போடுங்க" என்றாள். "பிள்ளைத் துணி அலசலாம்."

"மரத்தூளா இருக்கு ஏட்டி."

"வடிகட்டிக்கிடுதேன்."

தையல் விடவில்லை. ஆனால் அன்று பிடித்த வலி அவளை மாதக்கணக்கில் விடவில்லை. டாக்டரம்மாவிடம் நான் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. மறுநாள் பேப்பரில், ஐஸைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிக்கும் முதலாளி படம் வந்தது. உழைப்பாளிகளின் சுமையைத் தானே சுமந்து மலையேறிய தொழிலதிபர் என்று கீழே போட்டிருந்தார்கள். பிரஸ்ஸில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார், ஏறின களைப்புக்கு.

பாக்கி இருந்த கடைசி லேபிளை அந்த வாரம் முடித்துப் பம்பாய்க்கு அனுப்பினேன். குழிக்குள்ளிருந்து ஏறி வருகிற ஒரு பெண். தலையில் கட்டு, இடுப்பில் குடம், ஒரு கை அடிவயிற்றில். சுற்றிலும் கரிசல், அதனால் முழுக்கக் கறுப்பு மை. வெள்ளை விட்ட இடம் அந்தத் தலைக்கட்டு மட்டும்தான்.

டீச்சர் போன் செய்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா சார், இதுல மலை எங்க?" என்றாள்.

"லேபிள் சின்னதும்மா. ரெண்டுக்கும் இடம் காணாது" என்றேன்.

மாதிரிக்கு அடித்த தாள் ஒன்று வீட்டில் கிடந்தது. என் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தாள். யார் என்று அவள் கேட்கவில்லை. குடம் இப்படியா இடுப்பில் உட்காரும், ஆர்ட்டிஸ்ட்டாம் ஆர்ட்டிஸ்ட்டு என்று முதலில் ஒரு குத்தம் சொன்னாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாவம், இவளுக்குப் பதிலா நிக்க ஒரு ஆளு கெடைக்கல போல" என்றாள்.